டிவி கார்ட்டூனை வெட்டறது சென்சார் போர்டு இல்லீங்க தம்பி

திருப்பூர்ல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காப்ல, சின்ன வயசுல ஹங்கமா சேனல்ல பார்த்த ஷின்சானையும் டோரேமானையும் இப்ப நெட்ல ஜப்பான் ஒரிஜினல்ல பார்த்தா வேற என்னமோ மாதிரி இருக்குதுங்ணா, பாதி சீனு நாம பார்த்ததே இல்ல, இதையெல்லாம் சென்சார் போர்டுல உக்காந்து வெட்டுனாங்களா, எதை வெச்சு முடிவு பண்ணுனாங்க, இப்ப என்ற பையனுக்கு அஞ்சு வயசு ஆகுது, அவனுக்கு வெட்டுனதைக் காட்டறதா வெட்டாததைக் காட்டறதான்னு. நான் சென்னை சாலிகிராமத்துல ஒரு டப்பிங் ஸ்டுடியோல சவுண்டு எடிட்டிங் பக்கம் கொஞ்ச வருஷம் இருந்தவன், இப்ப ஈரோட்டுல கல்யாணம், சீரு, காதுகுத்துன்னு வீடியோ எடிட்டிங்தான் பொழப்பு. கத்தரி எங்கெங்க விழுகும்னு ஓரளவுக்குத் தெரியும், அதனால கொஞ்சம் நீட்டியே சொல்றனுங்க.

மொதல்ல சென்சார் போர்டு. அது சினிமாவுக்குத்தானுங்க. தியேட்டர்ல ஓடற படம்னா கார்ட்டூனா இருந்தாலும் சர்டிபிகேட் வாங்கியே ஆகணும், 2025ல டீமன் ஸ்லேயர்ங்கற ஜப்பான் கார்ட்டூன் படம் தமிழ் பேசிட்டு தியேட்டருக்கு வந்துச்சே, அது போர்டு வழியா வந்ததுதான். ஆனா டிவில தொடரா வர்ற கார்ட்டூனை முன்கூட்டியே யாரும் உக்காந்து பார்த்து முத்திரை குத்தறதில்ல. 1995ல வந்த கேபிள் டிவி சட்டம் இருக்குது, அதுக்கான விதிகள்ல 6வது விதின்னு ஒண்ணு, அதைத்தான் புரோகிராம் கோடுன்னு சொல்லுவாங்க. குழந்தைகளுக்கான நிகழ்ச்சில கெட்ட வார்த்தையோ வெளிப்படையான வன்முறையோ வராம பார்த்துக்கணும், குழந்தைங்களுக்கு ஆகாததை அவங்க நெறைய பார்க்கற நேரத்துல போடக்கூடாது, குழந்தைங்க நிகழ்ச்சிக்குன்னு அதுல முக்கியமா இருக்கறது அவ்வளவுதான். எத்தனை செகண்டு, எந்த சீனுன்னு எதுவும் கெடையாது. போட்டதுக்கு அப்பறம் யாராச்சும் புகார் குடுத்தா மினிஸ்ட்ரி நோட்டீஸ் விடும், 2011ல இருந்து சேனல்காரங்களே அமைச்சுக்கிட்ட புகார் கவுன்சில் ஒண்ணும் இருக்குது.

இப்பிடி மொட்டையா ஒரு விதியை எழுதி வெச்சா என்ன ஆகும்? சேனல்காரன் பயத்துல தானே வெட்டுவான், தேவைக்கு எச்சாவே வெட்டுவான். ஒவ்வொரு பெரிய சேனல்லயும் எஸ் அண்ட் பி, அதாவது ஸ்டாண்டர்ட்ஸ் அண்ட் பிராக்டிசஸ்னு ஒரு டிபார்ட்மெண்டு இருக்கும், எதைப் போடலாம் எதைப் போடக்கூடாதுன்னு நோட்டு போடறது அவங்க சோலி. புகைபிடிக்கற சீன் வந்தா கீழ எச்சரிக்கை எழுத்து ஓடணும்னு 2012 அக்டோபர் 2ல இருந்து ரூல் வந்துச்சுங்களே, பொடுசுங்க சேனல்ல அந்த எழுத்தை ஓட்டிட்டு இருக்கறதுக்கு அந்த சீனையே தூக்கிப் போடறது சுலபம்னுதான் எவனும் ரோசனை பண்ணுவான்.

இந்தியாவுக்கு வர்றதுக்கு முன்னாடியே அக்கட்டால ஒருத்தன் வெட்டி முடிச்சிருப்பான், இது நெறைய பேருக்குத் தெரியறதில்ல. போகிமான் பார்த்திருப்பீங்க. அதுல ஹீரோ பையன் ஆஷ்கிட்ட டாரோஸ்னு எருது மாதிரி ஒரு போகிமான் கூட்டமா இருக்கும், புரொபசர் ஓக் இடத்துல மந்தையா ஓடிட்டு கெடக்கும், மொத்தம் 30. இதை எப்ப புடிச்சான், எங்க புடிச்சான்னு நாம பார்த்ததே இல்லீங்க. ஏன்னா அதைப் புடிச்ச 35வது எபிசோடுல ஒரு பெருசு ஆஷ் நெத்திக்கு நேரா துப்பாக்கியை நீட்டுவாரு, போதாக்குறைக்கு மியாவ்த்ங்கற பூனை போகிமான் ஹிட்லர் மீசை வெச்சுட்டு வரும், அமெரிக்காக்காரன் அந்த எபிசோடை மொத்தமா ஒதுக்கிட்டான். அமெரிக்காவுல ரெடி பண்ணுன இங்கிலீசு டேப்பை வெச்சு டப் பண்ணுன ஊருக்கெல்லாம் அந்த எபிசோடு போகவே இல்ல, நம்மூரும் அதுல ஒண்ணு. நியூயார்க்ல ஒரு ஆபீஸ்ல எடுத்த முடிவுக்கு அந்தியூர்ல ஒரு பையன் இந்த 30 எருது எங்கிருந்துடா வந்துச்சுன்னு முழிச்சுட்டு உக்காந்திருந்தான்.

அந்த அமெரிக்க கம்பெனி பேரு ஃபோர் கிட்ஸ். இவங்க பண்ணுன வேலையைச் சொன்னா ராத்திரி பூரா நாயம் பேசலாம். போகிமான்ல ஆஷ் கூடவே சுத்தற பிராக் கையில முக்கோணமா அரிசி உருண்டையை வெச்சுக்கிட்டு ஜெல்லி டோனட்டுன்னா எனக்கு உசுருன்னு சொல்லுவாப்ல, பார்க்கறவனுக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு? பொறகு சில வருஷத்துல அந்த உருண்டைக்கு மேலயே சாண்ட்விச் வரைஞ்சு விட்டாங்க. யூகியோன்னு இன்னொரு ஜப்பான் தொடர்ல துப்பாக்கியை மட்டும் அழிச்சுட்டாங்க, கை அப்பிடியே இருக்குது, ரெண்டு ஆளு விரலை நீட்டிட்டு நிக்கறான், எதிர்ல இருக்கறவன் அந்த விரலைப் பார்த்து நடுங்கறான். 2004ல ஒன் பீஸ்ங்கற தொடரை வாங்கி அதுல வர்ற சாஞ்சி வாயில இருந்த சிகரெட்டை லாலிபாப் ஆக்குனாங்க, ஒரு சமையக்காரன் சண்டைக்கு நடுவுல லாலிபாப் சூப்பிட்டு நிக்கற மாதிரி ஆகிப்போச்சு.

இதுல நல்லெண்ணம் எவ்வளவு, யாவாரம் எவ்வளவுன்னு கேட்டா முக்காலே மூணு வீசம் யாவாரம்தானுங்க. சனிக்கெழமை காலைல பொடுசுங்க நேரத்துல ஓடோணும், அதுக்கு நடுவுல பொம்மை விளம்பரமும் பால்ல போட்டுத் திங்கற சீரியல் விளம்பரமும் வரோணும், விளம்பரக்காரன் மூஞ்சி சுளிக்கக்கூடாது. அரிசி உருண்டையைப் பார்த்தா இது எந்த ஊரு கதைன்னு பையன் ரோசனை பண்ணுவான், அதுவும் கூடாது. இன்னும் பழசா போனீங்கன்னா 1985ல ரோபோடெக்னு ஒண்ணு வந்துச்சு, அது ஒரே கதையே இல்ல, மேக்ராஸ், சதர்ன் கிராஸ், மோஸ்பியடான்னு ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாத மூணு ஜப்பான் தொடரை ஒட்டுக்கா தைச்சது. அமெரிக்காவுல லோக்கல் ஸ்டேஷனுக்கு விக்கணும்னா வாரம் 5 நாள், 13 வாரம், ஆகமொத்தம் 65 எபிசோடாச்சும் வேணும், மேக்ராஸ்ல இருந்ததே 36தான், அதான் மூணையும் கோர்த்து கதையை மாத்தி வசனத்தைப் புதுசா எழுதிட்டாங்க. அதுக்கும் முன்னாடி 1978ல காட்சாமேன்னு ஒரு ஜப்பான் தொடரை வாங்கி அடிதடியெல்லாம் வெட்டுனாங்க, வெட்டுனதும் நேரம் பத்தல, அந்த ஓட்டையை அடைக்க ஒரு ரோபோவைப் புதுசா வரைஞ்சு நடுநடுவுல உக்கார வெச்சு கதை சொல்ல விட்டாங்க. வெட்டறதும் அவங்களே ஒட்டு போடறதும் அவங்களே.

டிராகன் பால் ஸீ கதை தனி. 1996ல அமெரிக்கா போனப்ப மொத 67 எபிசோடு 53 ஆச்சு. அந்த டப்ல எவனும் சாகவே மாட்டான், "வேற பரிமாணத்துக்குப்" போயிருவான். நரகத்துல நிக்கற பூதங்க பனியன்ல நரகம்னு இங்கிலீசுல நாலெழுத்து எழுதியிருக்கும், அதை லேசா திருத்தி வேற நாலெழுத்தா ஆக்கி, தோத்தாங்குளிகளுக்கான விடுதின்னு அதுக்கொரு விரிவும் குடுத்துட்டாங்க. நாப்பாங்கற வில்லன் ஊரையே சாம்பலாக்கிட்டு இன்னிக்கு ஞாயித்துக்கெழமையா போச்சு, நாளைக்குன்னா பில்டிங்ல ஆளுங்க இருந்திருப்பாங்கங்கற மாதிரி ஒரு வசனம் பேசுவான், அதாவது யாரும் சாகலையாம்! படத்துல கை வைக்காம வசனத்துலயே உசுரு காப்பாத்திட்டாங்க பாருங்க, டப்பிங்ல இருந்தவனா அந்த ஒரு எடத்துல எனக்குக் கொஞ்சம் மரியாதையே வந்துச்சு.

இனி நீங்க கேட்ட ஷின்சான். இதுல அடிப்படைல ஒரு வெசயம் இருக்குதுங்க, ஷின்சான் குழந்தைங்களுக்குன்னு பண்ணுனதே இல்ல. 1990ல பெரிய ஆம்பளைங்க படிக்கற வாரப் பத்திரிகைல காமிக்ஸா ஆரம்பிச்சது, யோஷிடோ உசுய் வரைஞ்சது, 1992ல டிவிக்கு வந்துச்சு. அஞ்சு வயசுப் பையன் வாயில பெரியவங்க நாயத்தை வெச்சு பெரியவங்களைச் சிரிக்க வெக்கறது. ஜப்பான்லயே பெத்தவங்க சங்கத்து சர்வேல பசங்க பார்க்கக்கூடாத நிகழ்ச்சின்னு வருஷக்கணக்கா மேல நின்னதுல இதுவும் ஒண்ணு. அதை 2006ல இங்க ஹங்கமா வாங்கி சின்னப்பசங்க சேனல்ல போட்டாங்க. செம ஹிட்டு. கூடவே புகாரும். எங்க பெரியம்மா ஊட்டுல பெருந்துறைல ஒரு வாண்டு அவங்க அப்பாருகிட்ட ஷின்சான் குரல்லயே எதுத்து எதுத்துப் பேசி, வெத்தலை இடிச்சுட்டு இருந்த மனுசன் அந்த இடிகல்லை எடுத்துட்டுத் தொரத்துனாரு. 2008ல கொஞ்ச நாள் நிறுத்தி வெச்சாங்க, பொறகு நல்லா வெட்டி திரும்பக் கொண்டாந்தாங்க. ட்ரவுசரை எறக்கி குண்டியை ஆட்டற டான்ஸ், அப்பன் குடிக்கறது, பொண்ணுங்களைப் பார்த்து ஜொள்ளு விடறது இதெல்லாம்தான் பெரும்பாலும் அடிபட்டது, வெட்ட முடியாத எடத்துல பாட்டில்ல இருக்கறது ஜூஸுன்னு டப்பிங்ல சொல்லிடலாம்.

அதே 2006ல அமெரிக்காவுல அதே ஷின்சானை ஃபனிமேஷன் கம்பெனி வாங்கி ராத்திரி நேரத்து அடல்ட் ஸ்விம்ல போட்டுச்சு, அவங்க இதை இன்னும் பச்சையா எழுதி ஒரிஜினல்ல இல்லாத அசிங்கத்தையெல்லாம் சேர்த்துட்டாங்க. ஒரே படம், இங்க தண்ணி ஊத்தி கரைச்சாச்சு, அங்க மொளகாய்ப்பொடி தூவியாச்சு. வாங்கறவன் எந்த நேரத்துல யாருக்கு விக்கப் போறாங்கறதுதான் கத்தரிக்கு அளவுகோல், அதுக்கு மேல பெரிய தத்துவம் எதுவும் கெடையாதுங்க.

எப்படி வெட்டறாங்கன்னும் சொல்லிர்றேன், எனக்குப் புடிச்ச பகுதி இதுதான். டப்பிங்குக்கு வர்றப்ப படம் ஒண்ணு, அதோட எம் அண்ட் ஈ டிராக்குன்னு ஒண்ணு வரும், மியூசிக்கும் சவுண்டு எஃபெக்டும் மட்டும் இருக்கும், பேச்சு இருக்காது. அதுக்கு மேலதான் தமிழ்க் குரலை ஏத்தணும். படத்துல 4 செகண்டு தூக்கிட்டா மியூசிக்கும் 4 செகண்டு போயிரும், தாளம் படக்குனு தாவும். கண்ணு ஏமாந்துரும், காது ஏமாறாதுங்க. அதனால நல்ல எடிட்டரா இருந்தா படத்தை வெட்டிட்டு மியூசிக்கை ரெண்டு பக்கமும் கொஞ்சம் மேல போட்டு கரைப்பாப்ல, இல்லைன்னா வானம், வீட்டு வாசல் மாதிரி வேற ஷாட்டை அந்த எடத்துல சொருகி நேரத்தை அப்பிடியே வெச்சுக்குவாப்ல. பாட்டில் மூலைல இருந்தா படத்தைக் கொஞ்சம் ஜூம் பண்ணி வெளிய தள்ளிறலாம், ஆனா ஜூம் பண்ணுனா கோடு தடிச்சு மங்கலா தெரியும், உத்துப் பார்த்தா கண்டுபுடிச்சிருவீங்க. ஷிசுகா குளியல் சீனு வர்ற டோரேமான் எபிசோடுல இதை நல்லா பார்க்கலாம், நோபிதா கதவைத் தொறப்பான், அடுத்த ஷாட்ல சொட்டச் சொட்ட நனைஞ்சுட்டு நிப்பான், நடுவுல என்ன ஆச்சுன்னே தெரியாது. நேரமில்லாதவனோ அவசரக்காரனோ வெட்டுனது அது.

இன்னொண்ணு, ஷின்சான்ல அரை மணி எபிசோடுங்கறது சின்னச் சின்னதா ரெண்டு மூணு தனிக்கதை சேர்ந்தது. ஒரு கதை பூரா வில்லங்கம்னா அதையே எடுத்துட்டு வேற கதையை வெச்சுட்டா தழும்பே இருக்காது. நெட்ல பார்த்துட்டு நாம பார்த்ததே இல்லைன்னு நீங்க சொல்றதுல பாதி இப்பிடி முழுசா காணாம போனதாத்தான் இருக்கும். தமிழ்ல தனியா வெட்டறாங்களான்னா, பெரும்பாலும் இல்லீங்க. இந்த மாதிரி சேனல்ல படம் ஒண்ணுதான், அதுக்கு அடியில இந்தி, தமிழ், தெலுங்குன்னு ஆடியோ ஓடும், நீங்க ரிமோட்ல மாத்திக்கறது சத்தத்தை மட்டும். மும்பைல கத்தரி விழுந்தா பொள்ளாச்சிக்கும் விழுந்த மாதிரிதான். தமிழ்ல எங்க கைக்கு மிஞ்சறது வசனம் மட்டும், அதுலயும் வாய் அசையற நேரத்துக்குள்ள சொல்லி முடிக்கணும்.

வெட்டறது எல்லாமே கேனத்தனம்னும் சொல்ல மாட்டேன். 1997 டிசம்பர் 16 சாயந்திரம் ஜப்பான்ல போகிமான்ல ஒரு எபிசோடு ஓடுச்சு, பிகாச்சு மின்னல் அடிச்சு ஏவுகணை வெடிக்கற எடத்துல செகப்பும் நீலமும் மாத்தி மாத்தி செகண்டுக்கு 12 தடவை பளிச் பளிச்னு அடிச்சது, அதைப் பார்த்து வலிப்பு, வாந்தி, தலைச்சுத்தல்னு 685 பேரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க, முக்காவாசி பசங்க. நியூஸ்ல அந்தத் துண்டையே மறுபடி போட்டு அதைப் பார்த்தும் கொஞ்சம் பேரு விழுந்தாங்கங்கறது இன்னும் கொடுமை. நாலு மாசம் தொடரையே நிறுத்திட்டாங்க, அந்த எபிசோடு அதுக்கப்பறம் எங்கயும் ஓடல. அதுல வந்த போரிகான்ங்கற போகிமானையும் மூலைல உக்கார வெச்சுட்டாங்க, தப்பு பண்ணுனது பிகாச்சு, தண்டனை அதுக்கு, கெரகம். இப்ப ஜப்பான் டிவில சண்டை சீனுல படம் திடீர்னு இருட்டாகி மங்கலா தெரியுதே, அது நெட்ல ஏத்துனவன் கெடுத்தது இல்லீங்க, வெளிச்சம் அடிக்கற வேகத்தைக் குறைக்க வேணும்னே பண்றது. இந்த மாதிரி வெட்டுக்கு நான் ரெண்டு கையும் தூக்கிருவேன். பெப்பா பிக்ல பழைய எபிசோடுல கார்ல சீட் பெல்ட் இல்லைன்னு பெத்தவங்க சொன்னதும் பெல்ட் போட்டு திருத்துனாங்க, அதுவும் நாயம்தான். அதே பெப்பாவுல சிலந்தி ஒண்ணும் பண்ணாது, பயப்படாதேன்னு சொல்ற எபிசோடை ஆஸ்திரேலியால நிறுத்துனாங்க, அந்த ஊரு சிலந்தி நெசமாவே ஆளைக் கொல்லக்கூடியது, அங்கத்த பையன் கையில எடுத்துட்டான்னா?

டாம் அண்ட் ஜெர்ரிலதான் எனக்குச் சங்கடம். 2006ல இங்கிலாந்துல ஒருத்தரு, ஒரே ஒருத்தரு, டாம் சிகரெட் சுத்திப் பத்த வெக்கறதும் டென்னிஸ் ஆடற பூனை சுருட்டு புடிக்கறதும் வருதுன்னு புகார் குடுக்க, சேனல்காரங்க தங்ககிட்ட இருக்கற 1,500க்கும் மேல பழைய கார்ட்டூனை உக்காந்து சலிச்சாங்க. டாம் அண்ட் ஜெர்ரியும் ஆரம்பத்துல சினிமா தியேட்டர்ல பெரியவங்களும் பார்க்க 1940ல இருந்து எடுத்ததுதானுங்க. அதுல வர்ற கறுப்பின வேலைக்காரம்மா, மூஞ்சி தெரியாம கால் மட்டும் தெரியுமே, அந்தம்மா குரலை டிவிக்காக மாத்துனாங்க, சிலதுல ஆளையே வெள்ளைக்காரப் பொண்ணா மாத்தி வரைஞ்சாங்க. அசிங்கத்தை அழிச்சுட்டா அசிங்கமே நடக்காத மாதிரி ஆகிப்போகுது. பின்னாடி டிவிடில வெட்டாம விட்டு, அந்தக் காலத்துல இப்பிடி இருந்துச்சு, அது தப்புன்னு முன்னாடியே எழுதிப் போட்டாங்க, அதுதான் சரின்னு நெனைக்கறேன்.

இந்தோனேசியால இன்னொரு கூத்து. ஸ்பாஞ்ச்பாப்ல வர்ற அணிலுக்கு நீச்சல் உடுப்பு, அணிலுக்குங்க, அதை மங்கலாக்கிப் போட்டாங்க. ஊரே சிரிச்சப்ப அங்கத்த ஒளிபரப்பு ஆணையம் நாங்க மங்கலாக்கச் சொல்லவே இல்ல, சேனலே பண்ணுனதுன்னு சொல்லிருச்சு. வெட்டச் சொல்லி யாரும் உத்தரவு போடறதில்ல, எதுக்கு வம்புன்னு வெட்டறது. நேரா உத்தரவு போட்டுத் தடுத்தது எதுன்னு பார்த்தா அது பெரும்பாலும் சீனுக்காக இல்ல. சீனாவுல 2006ல சாயந்திரம் அஞ்சுல இருந்து எட்டு மணி வரைக்கும் வெளிநாட்டு கார்ட்டூனே கூடாதுன்னாங்க, உள்ளூர்க் கம்பெனி வளரோணும்னு. 2013ல வங்கதேசம் டோரேமானை நிறுத்துனது பசங்க இந்தி பேசப் பழகறாங்கன்னு. நம்மூட்டுப் பொடுசுங்களும் "அம்மா, எனக்கு மிகவும் பசிக்கிறது"ன்னு கார்ட்டூன் தமிழ்லதான் பேசுதுங்க, எங்கக்கா அதைக் கேட்டுட்டு டிவிக்காரன் ஊட்டுலயே போய் சோறு தின்னுன்னு தாட்டி விட்டா.

உங்க பையன் வெசயம். நெட்ல, ஓடிடில வர்றதுக்கு 2021 ரூல்படி வயசு போட்டிருக்கணும், யு, 7+, 13+, 16+ அப்பிடின்னு, அதைப் பாருங்க, ஆனா அதை மட்டும் நம்பாதீங்க. டோரேமான் ஒரிஜினலே காட்டலாம், அமெரிக்காவுல 2014ல வந்த வெர்ஷன் மட்டும் வேண்டாங்க, அதுல நோபிதா பேரு நோபி, சாப்பிடற குச்சிக்குப் பதிலா முள்கரண்டி, பரீட்சைல சைபருக்குப் பதிலா எஃப்னு எல்லாத்தையும் மாத்தி வெச்சிருக்காங்க, அந்த சைபர் இல்லாம நோபிதா ஏது. போகிமான் ஒரிஜினல் தாராளமா காட்டுங்க. ஷின்சான் ஒரிஜினல் அஞ்சு வயசுக்கு வேண்டாங்க, பையன் தூங்குன பொறகு நீங்களும் ஊட்டுல அம்மணியும் பார்த்துக்கோங்க, பகல்ல அவனுக்கு சேனல்ல வர்ற வெட்டுனதே போதும். டாம் அண்ட் ஜெர்ரியை அவன் பக்கத்துல உக்காந்து பாருங்க, அந்த வேலைக்காரம்மா வந்தா ஏன் மூஞ்சியே காட்ட மாட்டேங்கறாங்கன்னு அவனே கேப்பான்.